நடுத்தாள்

அந்த விளையாட்டை என்னோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒருத்தியோடு நான் பேசுவதில்லை. மூன்றாமவர் பேசுகிறார்; பேசாமல் இருந்தால் தேவலை.

எனக்கு ஞாபகத்தை நம்பும் பழக்கம் கிடையாது. நாங்கள் ஆடிய பதினான்கு ஆட்டங்களுக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. இடம், வானிலை, யாருக்கு என்ன பாத்திரம், எத்தனையாவது கரண்டியில் தண்ணீர் வழிந்தது, யார் எங்கே எரிச்சல்பட்டார்கள். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் பத்திரப்பதிவு அலுவலகம் இருக்கும் தெருவில் எனக்கு ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. கிரையப் பத்திரம், பாகப் பிரிவினை, வாடகை ஒப்பந்தம். சொல்கிறவர் சொல்வதை அப்படியே அடிப்பது என் வேலை. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் ஒருவர் வீடு இன்னொருவருக்குப் போய்விடும். அடித்து முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவேன். சரி என்று அவர் சொன்ன பிறகு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து. இருபத்திரண்டு வருடமாக இதில் நான் தவறியதில்லை.

நாவலூரில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண் வாடகை ஒப்பந்தம் அடிக்க வந்தாள். போகும்போது ஒரு சிறு புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டாள். கதை சொல்லி ஆடும் விளையாட்டுக்கான விதிகள். பலகை இல்லை, காய் இல்லை, ஜெயிப்பவர் இல்லை. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு பேச வேண்டும். யார் எப்போது பேசலாம், எதை மறுக்கலாம் என்பதைப் புத்தகம் தீர்மானிக்கும். இந்த மாதிரிப் புத்தகங்களைத் தனி ஆட்கள் எழுதித் தாங்களே அச்சடித்து விற்கிறார்கள் என்று அவள் திரும்பி வந்தபோது சொன்னாள்.

"படிச்சீங்களா அக்கா? எப்படி இருந்துச்சு?"

"மூணாம் பக்கத்துல சொன்னத ஒம்பதாம் பக்கம் இல்லன்னுது. யாரும் படிச்சுப் பாக்காமலே அச்சடிச்சிருக்காங்க."

"அப்ப நீங்களே ஒண்ணு எழுதுங்க."

கிண்டலாகத்தான் சொன்னாள். நான் எழுதினேன்.

என் விளையாட்டின் பெயர் 'தளும்பல்'. பெருமழை நாளில் நிரம்பி நிற்கும் ஏரி. கீழே ஓர் ஊர். மேஜை நடுவில் பாதி நிரப்பிய கண்ணாடி டம்ளர், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு டீ கரண்டி. ஒருவர் இன்னொருவரிடம் அவருடைய பாத்திரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்ல மறுத்தால் டம்ளரில் ஒரு கரண்டி தண்ணீர் சேரும். கேள்விக்குப் பதிலாக, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைப் பாத்திரம் சொல்லிவிட்டால் ஒரு கரண்டி எடுக்கலாம். தண்ணீர் வழிந்தால் கரை உடையும். கடைசியாக மறுத்தவர், ஊரின் எந்தப் பக்கம் உடைகிறது என்று சொல்லியாக வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் நீர்மட்டம் தெரியவில்லை. காகிதக் கப் நான்காவது ஆட்டத்தில் ஊறிப்போனது. கண்ணாடியில் சராசரியாக இருபத்திரண்டாவது கரண்டியில் வழிந்தது. அதற்கு முந்தைய நான்கு கரண்டிகளும் விளிம்புக்கு மேல் தோல்போலக் குவிந்து நிற்கும். அப்போது யாரும் மேஜையில் முழங்கையை வைக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ஆடிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த நாவலூர்ப் பெண்ணே ஒருத்தி. மதுராந்தகத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்; ஞாயிறு மதியம் அவருடைய கடை மூடியிருக்கும், மாடியில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே இடம் இருந்தது. "வூட்ல இருந்தா துணி மடிக்கச் சொல்றா. இங்க ஊரையே முழுகடிக்கலாம், கேக்க ஆளில்ல" என்று ஒத்துக்கொண்டார். இன்னொருவர் படாளத்திலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு கிராமத்துக்காரர். தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர், நாற்பத்து மூன்று வயது. காலனியில் கட்டிய புது வீட்டுக்குப் பத்திரம் அடிக்க வந்தவர், மேஜைமேல் இருந்த என் ஏரிப் படத்தைத் தலைகீழாகவே பார்த்துவிட்டு, "கலங்கல் தப்பான பக்கம் கீதுக்கா" என்றார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம் கலங்கல். அவர் சொன்னது சரி. திருத்தினேன். அவரையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா முன்பு ஏரி ஆளாக இருந்தவர், ஷட்டர் திறந்து மூடும் வேலை, என்று அன்றே சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாவலூர்ப் பெண் நான்காவது ஆட்டத்திலேயே விதியில் ஓட்டை கண்டுபிடித்தாள். "என் கேரக்டருக்கு வெண்டைக்காய் புடிக்காது. யாருக்கும் சொன்னதில்ல" என்று சொல்லி ஒரு கரண்டி எடுத்தாள். "என் கேரக்டர் தூங்கும்போது குறட்டை விடும்." இன்னொரு கரண்டி. ஏழு கரண்டி எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் நோட்டில் இருக்கிறது. அன்றே விதியை இறுக்கினேன்: சொன்னது கனமானதா என்று மற்றவர்கள் தீர்மானிக்க வேண்டும். 'கனக்கிறது' என்று எல்லோரும் சொன்னால்தான் கரண்டி. இல்லையென்றால் இன்னொன்று சொல்ல வேண்டும், அல்லது மறுத்துத் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

விதியாக அது ஓட்டையில்லாதது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒன்பதாவது ஆட்டம். ஞாயிறு, மதியம் இரண்டேகால், பாயின் மாடி, வெளியே மழை. பாய் ஊர்த் தலைவர். நாவலூர்ப் பெண் தலைமை ஆசிரியை. படாளத்துக்காரர் ஏரி ஆள். நான் கரண்டி எண்ணிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தேன். இருபத்தொரு கரண்டி விழுந்து தண்ணீர் குவிந்து நின்றபோது தலைமை ஆசிரியை ஏரி ஆளைக் கேட்டாள்: "ஷட்டரத் திறக்கச் சொன்னாங்களே, திறந்தியா?"

மறுத்தால் வழியும். எந்தப் பக்கம் கரை உடைகிறது என்று அவரே சொல்ல வேண்டியிருக்கும். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏரி ஆளு பீடி புடிப்பான். பொண்டாட்டிக்குத் தெரியாது."

"கனக்கல" என்றார் பாய். "என் பொண்டாட்டிக்குத் தெரியாதது எத்தினியோ கீது."

"ஏரில வல போட்டு மீன் திருடியிருக்கான்."

"அது எல்லாரும் பண்றதுதான்" என்றாள் நாவலூர்ப் பெண். "கனக்கல."

அடுத்த வரி என்னுடையது, என் கையெழுத்தில்: "தம்பி, இன்னும் கொஞ்சம் உள்ள போங்க."

அவர் போனார்.

"அப்பாவுக்குக் காய்ச்சல். சாவிய எங்கிட்ட குடுத்தாரு. சாவின்னா இவ்ளோ நீட்டு இரும்பு. கை வழுக்காம இருக்க செவப்புத் துண்டு சுத்தியிருக்கும். ரெண்டு ஷட்டரு, ஒவ்வொண்ணுக்கும் பதினோரு சுத்துன்னாரு. விடியகாலம். ரேஷன் கடை வரைக்கும் போனேன். கரைமேல மழ அடிக்கற சத்தம் கேட்டுச்சு. அதுக்கு மேல போவல. ரேஷன் கடை ஓடு ஒழுகிகினு இருந்துச்சு, அதுக்குக் கீழ குந்திகினு இருந்தேன். வெளுத்ததும் வூட்டுக்கு வந்து, தொறந்துட்டேன்னு சொன்னேன்."

"அப்புறம்?" இதுவும் நான்தான்.

"அப்புறம் இன்னா. ஏரி ஒடஞ்சா ஊரு போயிடும்னு ஊர்க்காரங்க காலனிப் பக்கம் கரைய வெட்டி வுட்டாங்க. நாப்பது வூடு. ஏரி ஆளு குடிச்சிட்டுப் படுத்துட்டான், அதான் இப்பிடி ஆச்சுன்னாங்க. காலனி ஆளுங்களே சொன்னாங்க. அவரு, என் புள்ள தொறந்தான், மீன் குத்தகைக்காரன்தான் மீனு போயிடும்னு வந்து மூடிட்டான்னு அடிச்சிப் பேசினாரு. இன்னும் பேசிகினு கீறாரு."

பாய் மெல்ல, "கனக்குது" என்றார். நாவலூர்ப் பெண், "செம்ம" என்றாள். அவர் கரண்டியைத் தொடவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அன்றைய பக்கத்தின் கடைசி வரியை அப்படியே தருகிறேன்: 'கனக்கிறது விதி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சொன்னவர் தண்ணீரை எடுக்க மறந்துவிட்டார். பக்கம் 15இல் நினைவூட்டல் தேவை.'

புத்தகம் முப்பத்திரண்டு பக்கம். எட்டுத் தாள்களை ஓர் அட்டையோடு சேர்த்து மடித்து நடுவில் இரண்டு பின். இந்த வகைப் புத்தகங்களில் ஆட்டம் எப்படி நடக்கும் என்று காட்ட ஒரு மாதிரி உரையாடல் வைப்பது வழக்கம். பெரும்பாலும் அது சொதப்பலாக இருக்கும். எழுதுகிறவர் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்தது. என்னிடம் உண்மையான ஆட்டத்தின் குறிப்பு இருந்தது. ஒன்பதாவது ஆட்டத்தை 16, 17ஆம் பக்கங்களில் போட்டேன். புத்தகத்தைத் திறந்தால் தானாக விரியும் இடம் அது. ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை; ஆட்டக்காரர் 1, 2, 3. மற்றதெல்லாம் சொன்னது சொன்னபடி. கடைசிப் பக்கத்தில், ஆடிப் பார்த்து உதவியவர்கள் என்று மூவர் பெயரையும் அவரவர் ஊரையும் அச்சடித்து நன்றி சொன்னேன்.

நாற்பது பிரதி. எனக்கு நான்கு, பாய்க்கு ஒன்று. மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் நாவலூர்ப் பெண்ணின் கூட்டம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இப்படிப்பட்ட விளையாட்டுகளை ஆட ஏற்பாடு செய்திருந்தது. நானும் போய் முப்பத்து மூன்று பிரதிகளை அவளிடம் கொடுத்தேன். படாளத்துக்காரர் சனிக்கிழமை காலையில் அங்கே வந்து இரண்டு எடுத்துக்கொண்டார். "ஒண்ணு அப்பாவுக்குக்கா. பேரு அச்சுல வந்துகீதுன்னு காட்டணும்." கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மதிய ஷிப்டுக்குக் கிளம்பினார்.

அன்று மாலை அவர் இல்லாதது நல்லதாகப் போயிற்று. விடுதியின் மணல் முற்றத்தில் நாலு பேர் என் 17ஆம் பக்கத்தை எடுத்து நடித்தார்கள். தாடி வைத்த ஒருவர் ஏரி ஆளின் அப்பாவாக வாய் குழறிப் பேசிக் காட்டினார். அந்த ஆள் குடிக்கவில்லை என்பதுதான் அந்தப் பக்கத்தின் விஷயமே. ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். "சூப்பர் மெலோட்ராமா" என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து திருத்தியிருக்க வேண்டும். குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் படாளத்துக்காரர் பைக்கில் திரும்பி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுப் பேசினார்.

"பதினேழாம் பக்கம் யாரு எழுதனது?"

"நீங்க சொன்னதுதான் தம்பி. ஒம்பதாவது ஆட்டம். ஒரு வார்த்த மாத்தல."

"அதான் கேக்கறேன். ஏன் மாத்தல?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "கதைன்னு நெனச்சேன்" என்றேன்.

"கதையா? ரேஷன் கடை ஓடு ஒழுகனதெல்லாம் கதைக்காகச் சொல்லுவாங்களா? இருபத்தாறு வருசம். எங்க வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது. அன்னிக்கு நீதான உள்ள போ, உள்ள போன்ன."

அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

"உங்கப்பா படிச்சாரா?"

"தெரியல. வட மடிச்சிக் குடுத்த பேப்பரைக்கூட வுடாம படிக்கற ஆளு அவரு. நேத்து ராத்திரி என்னுத நான் படிச்சிட்டு ஓடிப் போயி அவருக்குக் குடுத்தத கேட்டா, பழைய பேப்பரோட போட்டுட்டேன்றாரு. மூஞ்சப் பாத்து ஒண்ணும் தெரியல. எம்பேரு, எங்க ஊரு கடைசியில போட்டுக்கீற. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் கையில இது கெடைச்சா போதும். அவருகிட்ட போயி நின்னு சொல்லுவான். எல்லாத்தையும் எடு. இப்பவே."

நாவலூர்ப் பெண் காபியோடு வந்தாள். "அண்ணா, அதுதான் இந்த புக்கோட பெஸ்ட் பேஜ். இங்க யாரும் உங்கள ஜட்ஜ் பண்ணல."

"நீ யாரும்மா என்ன ஜட்ஜ் பண்ண?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நேம் மட்டும் அழிச்சிடலாம். பேஜ எடுத்தா புக்கே செத்துடும்."

அவள் சொன்னதில் எனக்கும் உள்ளுக்குள் சம்மதம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பக்கத்தை அச்சில் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அவர் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் பின் எடுக்கும் கத்தியைப் பையிலிருந்து எடுத்தேன்.

நடுத்தாளை எடுப்பது சுலபம். இரண்டு பின்களையும் நிமிர்த்தினால் 15 முதல் 18 வரை ஒரே தாளாக வந்துவிடும். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் புத்தகத்தை வாங்கினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் அச்சுப்பிழை என்றேன். தாடிக்காரர், "ஐயோ, நேத்து நான் ஆக்ட் பண்ணுனது இதுதானே?" என்றார். படாளத்துக்காரர் அவரைப் பார்த்தார். நல்லவேளை, இன்ன பாத்திரமாக என்று தாடிக்காரர் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு தாள். ஒன்று குறைந்தது.

"என்னோடத தர மாட்டேன்" என்றாள் நாவலூர்ப் பெண். "எனக்குக் குடுத்தது எனக்கு. டேபிள்ல சொன்னது டேபிள்ல இருந்த எல்லாருக்கும் சொந்தம். அத அவரு வாயிலேருந்து வர வெச்சதுல என் கொஸ்டினும் இருக்கு."

"அது அவரோட வாழ்க்கை."

"நீங்க ஆர்ட்டிஸ்டா, டைப்பிஸ்டா அக்கா?"

"டைப்பிஸ்ட்."

"அப்ப சரி" என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அவளோடு நான் பேசவில்லை. அவள் அனுப்பிய நீளமான செய்திகளில் முதலாவதை மட்டும் படித்தேன். அதில் 'உணர்வுபூர்வமான பாதுகாப்பு' என்பதைப் பற்றி மூன்று பத்திகள் இருந்தன.

படாளத்துக்காரர் தாள்களை எண்ணி வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். என் நான்கு பிரதிகளின் தாள்களும் அவற்றோடு சேர்ந்தன. "பேரும் ஊரும்?" என்றார். கடைசிப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுத்தேன். நன்றி சொல்லும் பக்கம் அது.

திங்கட்கிழமை பாயின் பிரதியை வாங்க மதுராந்தகம் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"அரை சென்ட்டு நெலத்துக்குப் பத்திரம் அடிச்சேன் உங்கிட்ட. படிச்சுக் காமிச்ச. ஒவ்வொரு பக்கத்துக்கும் கையெழுத்து வாங்குன. எங்கப்பா பேருல ஒரு புள்ளி வுட்டுப்போச்சுன்னு மறுபடியும் அடிச்ச. ஆமாவா?"

"ஆமா பாய்."

"அரை சென்ட்டுக்கு. அந்தாளு வவுத்துல இருந்ததெல்லாம் கக்குனான். அத அச்சு போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி படிச்சுக் காமிச்சியா?"

நான் அவருடைய பிரதியை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"நானும்தான் கனக்கல கனக்கலன்னேன்" என்று தன் பங்கையும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட தைரியத்தில் அன்று முதல் என்னைத் திட்டும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டார்.

முப்பத்தெட்டு பிரதி கைக்கு வந்தாயிற்று. நாவலூரில் ஒன்று. பழைய பேப்பரோடு போனதாகச் சொல்லப்பட்டது ஒன்று.

அது புதன்கிழமை பதினொன்றேகாலுக்கு என் கடைக்கு வந்தது.

வெள்ளைச் சட்டை, மெலிந்த உடம்பு, எழுபதைத் தாண்டிய ஆள். எனக்கு முன்னே நின்றவருக்கு ஆதார் அட்டையை நகலெடுத்துக் கொடுக்கும் வரை பொறுமையாக நின்றார். பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அதே உறையில் ரேஷன் கார்டும் இருந்தது. பின்னட்டையில் என் கடை விலாசம். விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது நீ அடிச்சதா?"

"ஆமாங்க."

"பதினேழாவது பக்கம். பத்து காபி போடு."

அவர் யாரென்று கேட்கத் தேவையில்லை. அந்தப் புருவம் மகனுக்கும் இருந்தது.

"எதுக்குங்க?"

"எதுக்கா? மொதோ காபி மீன் குத்தகைக்காரன் வூட்டுக்கு. அவன் வாசல்ல நின்னு எத்தினி வாட்டி காறித் துப்பியிருக்கேன் தெரியுமா? பொண்ணு கண்ணாலத்துக்குப் பத்திரிக வெச்சான். அவன் எதுரயே கிழிச்சிப் போட்டேன். அவன் ஒண்ணுமே பண்ணலியே. மீதி, ஊர்லயும் காலனிலயும். நான் குடிச்சிட்டு மல்லாந்துட்டேன்னு சொன்னவங்கள்ல ஒம்போது பேரு உயிரோட கீறாங்க. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"உங்க பையன்கிட்ட கேட்டீங்களா?"

"அவன் என்னியக் கேட்டானா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"அய்யா, அவரு இது வெளிய வரக்கூடாதுன்னுதான் எல்லாத்தையும் வாங்கிக் கிழிக்கச் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

"அவனுக்கு சரின்ன. என்னிய இருபத்தாறு வருசமா குடிகாரன்றாங்க. கண்ணாலம், சாவு, எங்க போனாலும் எவனாவது ஒருத்தன் ஏரிய கேப்பான், எல்லாரும் சிரிப்பாங்க. அவன் பக்கத்துலயே நின்னுகினு இருப்பான், என் புள்ள. பேச மாட்டான். நான் அவனுக்காகத்தான் சண்ட போட்டுகினு இருந்தேன், என் புள்ள பொய் சொல்ல மாட்டான்னு." புத்தகத்தைத் தட்டினார். "மொதோ வாட்டி ஒருத்தரு எழுத்துல போட்டுக்கீற. எனக்குக் காய்ச்சல்னு. பத்து காபி."

இரண்டு பேரில் யாருக்கு அந்தப் பக்கம் சொந்தம் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பத்திரம் என்றால் முதல் உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரத்தைக் கேட்டிருப்பேன். மகனுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான் கையில் இருந்தது.

"மெஷின்ல டோனர் இல்லீங்க" என்றேன்.

அவர் மெஷினைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இப்பதான் அந்தாளுக்குப் போட்டுக் குடுத்த."

"அதோட தீந்துடுச்சு."

"நீயும் அவனாட்டமே சொல்ற" என்றார். புத்தகத்தை உறையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

எங்கள் தெருவில் என்னுடையதைச் சேர்த்து ஐந்து ஜெராக்ஸ் கடைகள். எதிர்க் கடைக்காரர் எதையும் படிக்க மாட்டார். மெஷினின் மூடியைச் சரியாக அழுத்தவும் மாட்டார். வெளிச்சம் பக்கவாட்டில் கசியும். நான் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன். பதினொன்று.

திரும்பத் தெருவைத் தாண்டி வந்து ஒரு தாளை என் கீபோர்டின் மேல் வைத்தார். மை சூடு ஆறவில்லை.

"இது ஒனக்கு. நீ கிழிச்சத திருப்பிக் குடுத்துட்டேன்." இரண்டடி போனவர் நின்றார். "ஒண்ணு தப்பு. ரெண்டு ஷட்டருக்கும் பதினோரு சுத்து இல்ல. மேக்கால இருக்கறதுக்கு ஒம்போதுதான். அன்னிக்கே அவன் சரியா கேட்டுக்கல."

வெள்ளிக்கிழமை படாளத்துக்காரரிடமிருந்து ஒரு செய்தி: 'நீதான் காபி போட்டுக் குடுத்தியா?' இல்லை என்று பதில் போட்டேன். எதிர்க் கடையில் எடுத்தார் என்றும் எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது: 'செங்கல்பட்டுல ஜெராக்ஸ் கடை உன்னுது. எங்கப்பா அங்க வந்தாரு. காபி வந்துச்சு. நான் நம்பணுமா?' அதற்கு மேல் எழுத என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. டோனர் இல்லை என்று பொய் சொன்னதை எழுதினால் அதையும் நம்ப மாட்டார்.

அப்புறம் நடந்ததைப் பாய் ஃபோனில் சொன்னார், நான் கேட்கவில்லை. கிழவர் பத்து வீடும் போனாராம். குத்தகைக்காரர் வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தார்களாம். ஒரே வீட்டில்தான் அப்பாவும் மகனும் இருக்கிறார்களாம், சாப்பாடு வேளை மட்டும் வேறு வேறாம். "வெள்ளத்துலகூட அந்த வூடு ரெண்டாவல. நீ ரெண்டாக்கிட்ட" என்றார்.

"நான் இல்ல பாய். அந்தத் தம்பி சொன்ன பொய்."

"பொய்யி இருபத்தாறு வருசமா அங்கதான் இருந்துச்சு" என்றார் பாய். "ஒண்ணாதான் சாப்ட்டாங்க."

ஃபோனை வைத்தேன். ஒன்பதாவது ஆட்டத்தின் பக்கத்தைத் திருப்பி, மேற்கு ஷட்டருக்கு ஒன்பது சுற்று என்று ஓரத்தில் குறித்தேன். அந்த நோட்டை இனி யாருக்கும் காட்டப்போவதில்லை. ஆனாலும் தப்பு இருக்கக்கூடாது.